பழைய காரின் முன்னங்கால்கள்



சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தோட்டப் பள்ளியின் வேலியோரம் பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் நம்மிடம் படித்த பையன். இப்போது செனவாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அவன் தந்தையும் இறங்கினார். முப்பது ஆண்டுகளாகச் செம்பனைக் குலை வெட்டுபவர். காரை வாங்கியது அவருடைய சேமிப்புப் பணத்தில்.

“சார், முன்னாடி ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிட்டா கார் ரோட்டோட ஒட்டிக்கிட்டு ஓடும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. அப்பாதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யச் சொன்னாரு” என்றான் பையன்.

தந்தை சுருக்கமாகப் பேசுகிறவர். “வாத்தியாரே, அவன் அம்மாவ வாரத்துல மூணு நாள் சிரம்பானுக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டுப் போகணும். இந்த வண்டி படுத்துக்கக் கூடாது. அவ்வளவுதான்” என்றார்.

நாம் பட்டறை போர்மன் அல்லர். பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் கற்பிக்கப் பழகியவர்கள். ஆனால் நாமும் ஒரு பழைய சாகாவை இருபது ஆண்டுக் காலம் அம்பாங்கானுக்கும் தோட்டத்துக்கும் இடையே ஓட்டி, அதன் அடிவயிற்றை அடிக்கடி பார்க்க நேர்ந்தவர்கள். ஆகவே அன்று அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணினோம்.

பையன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்காவின் போர்டு மஸ்டாங் கார். “இந்தக் காரையும் கீழே இறக்கித்தானே சார் பந்தயத்துல ஓட்டுனாங்க?” என்று கேட்டான். நல்ல கேள்விதான். அவன் நண்பர்களுடைய யோசனையில் உள்ள பிழை முழுவதும் அந்த ‘இறக்கி’ என்ற ஒரு சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1960-களில் அமெரிக்கர்கள் ஒரு வகைக் காரின் மீது மோகம் கொண்டிருந்தார்கள். நடுத்தர உடலில் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, நேர்ச்சாலையில் குதிரை போலப் பாயவிடும் கார்கள். ‘தசைநார்க் கார்’ என்று பொருள்படும் பெயரை அவற்றுக்கு இட்டார்கள். 1964-இல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ. காரை இவ்வகையின் தொடக்கம் என்று பலர் சொல்வர். அதே 1964 ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமாயிற்று. அதில் வைத்த பெரிய எஞ்சின்களுள் ஒன்று ஏறத்தாழ 4,700 சி.சி. கொண்டது. நம் சாகாவின் எஞ்சின் 1,300 சி.சி.தான் என்றால் வேறுபாடு விளங்கும்.

பலம் நிறைய இருந்தது. ஆனால் வளைவு வந்தால் தடுமாற்றம். முன்புறம் கனத்த எஞ்சின். கீழே சொகுசுக்காக அமைத்த மெத்தென்ற ஸ்பிரிங். வளைவில் திரும்பும்போது உடல் ஒரு பக்கமாகச் சாயும். வெளிப்புறச் சக்கரமும் அதோடு சேர்ந்து சாய்ந்து, டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். ஓரத்தால் மட்டும் தொடும் டயருக்குப் பிடிப்பு ஏது?

டெக்சாஸ் மாநிலத்துக்காரரான கேரல் ஷெல்பி முன்பு பந்தய ஓட்டுநராக இருந்தவர். 1959-இல் பிரான்சின் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற இருவருள் ஒருவர். அவருடைய நிறுவனம் 1965-இல் மஸ்டாங்கைத் திருத்தி ஜி.டி. 350 என்ற பெயரில் விற்றது. முன்புறத்தில் செய்த முக்கியமான மாற்றம் நமக்கு வியப்பளிக்கும். சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடித்திருக்கும் ‘மேற்கை’ என்ற இரும்புக் கை, காரின் உடலோடு சேரும் இடத்தில் புதிய துளைகளைப் போட்டு, அந்த மூட்டை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். அதோடு தடித்த சாய்வுதடுப்புக் கம்பியும் நல்ல அப்சோபர்களும் சேர்த்தார்கள். ஓர் அங்குலத் துளை மாற்றத்துக்குப் புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை. 1966-இல் தயாரான பெரும்பாலான வண்டிகளில் செலவு கருதி அதையும் விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. பழைய மஸ்டாங் வைத்திருப்போர் இன்றும் தாளில் வரைந்த அளவுப்படத்தை ஒட்டி, தாமே இந்தத் துளைகளைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஓர் அங்குலம் ஏன் அவ்வளவு வேலை செய்தது? வீட்டில் மேசை இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, முன்கையைப் பக்கவாட்டில் படுக்கையாக வெளியே நீட்டுங்கள். முழங்கையை நகர்த்தாமல் கையை மெல்ல உயர்த்துங்கள். விரல் நுனி மேலே போகிறது. கூடவே உள்ளேயும் வருகிறது. தொடக்கத்தில் கொஞ்சமாகவும், கை பாதி உயர்ந்த பிறகு விரைவாகவும் உள்ளே வருவதைக் கவனியுங்கள். இப்போது கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டு, அங்கிருந்து உயர்த்துங்கள். படுக்கை நிலை வரும்வரை விரல் நுனி வெளியேதான் போகிறது. அதைத் தாண்டிய பிறகுதான் உள்ளே திரும்புகிறது.

காரின் இரும்புக் கையும் இப்படித்தான். முழங்கை என்பது காரின் உடலோடு சேர்ந்த மூட்டு. விரல் நுனி என்பது சக்கரத்தைப் பிடிக்கும் பால் ஜாயிண்ட். வளைவில் கார் சாயும்போது வெளிப்புறச் சக்கரம் உடலை நோக்கி மேலே எழும்புகிறது. ஷெல்பி காரில் மேற்கையின் மூட்டு ஓர் அங்குலம் கீழே இருந்ததால், விரல் நுனி முன்கூட்டியே உயர்ந்த நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே சக்கரம் எழும்ப எழும்ப அதன் மேல்விளிம்பு உள்ளே இழுக்கப்பட்டது. உடல் வெளியே சாய்ந்தது, சக்கரம் உள்ளே சாய்ந்தது. இரண்டும் ஈடாகி டயர் தரையில் படிந்து நின்றது.

இங்கே அந்தப் பையனைச் சற்று நிறுத்தினோம். “தம்பி, அவங்க இறக்குனது கையோட மூட்டை. நீ இறக்கப் போறது காரோட உடம்பை. ரெண்டும் ஒண்ணா?” என்றோம். அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

சாகாவின் முன்புறம் மஸ்டாங் போன்றதன்று. அதில் மேற்கை என்பதே கிடையாது. 1985 ஜூலை மாதம் வெளிவந்த நம் நாட்டின் முதல் கார், மிட்சுபிஷி லான்சர் பியோரே என்ற ஜப்பானியக் காரைத் தழுவியது. அதன் முன்சக்கரங்கள் மெக்பெர்சன் தூண் என்னும் அமைப்பில் தொங்குகின்றன. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், உலகப் போர் முடிந்த காலத்தில் சிக்கனமான சிறு கார் ஒன்றுக்காக இந்த யோசனையை வளர்த்தார். அந்தக் கார் திட்டம் கைவிடப்பட்டது; அவர் போர்டு நிறுவனத்துக்கு மாறினார். 1950-இல் இங்கிலாந்தின் போர்டு கான்சல், செபிர் கார்கள் இந்தத் தூணோடு காட்சிக்கு வந்தன. இன்று உலகத்தில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவை அந்தத் தூண் மீதுதான் நிற்கின்றன.

இதில் ஒரே தூணுக்குள் அப்சோபரும், அதைச் சுற்றி ஸ்பிரிங்கும். தூணின் தலை எஞ்சின் மூடிக்கு அடியில் உள்ள குமிழில் மாட்டப்பட்டிருக்கிறது. கீழே ‘லோவர் ஆர்ம்’ என்ற ஒரே ஒரு கை. இந்தக் கீழ்க்கை, கார் சும்மா நிற்கும்போது சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் நல்லது. ஏன்? நம் மேசைச் சோதனையை மறுபடி நினைத்துப் பாருங்கள். தொங்கும் கை உயரும்போது நுனி வெளியே போகிறது அல்லவா? கீழ்க்கையின் நுனி வெளியே போனால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளப்படும். அடி வெளியே போனால் தலை உள்ளே சாயும். ஷெல்பி துளை போட்டுப் பெற்ற நன்மையில் ஒரு பங்கை நம் சாகா பிறவியிலேயே பெற்றிருக்கிறது.

ஸ்பிரிங்கை வெட்டிக் காரை இறக்கினால் நடப்பது என்ன? உடல் தாழ்கிறது, சக்கரம் தாழவில்லை. ஆகவே கீழ்க்கையின் வெளிமுனை உயர்ந்து நிற்கிறது. படுக்கை நிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சாயச் சாய அந்த நன்மை குறைந்துகொண்டே போய், பிறகு எதிர்த்திசையில் திரும்பிவிடும். அதாவது ஷெல்பி எதை நீக்கப் பாடுபட்டாரோ அதையே நாம் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். பார்வைக்குக் கார் தரையோடு ஒட்டினாற் போல் இருக்கும். வளைவில் டயர்தான் ஒட்டாது.

கெடுதல் அதோடு நிற்பதில்லை. ஒரு ரப்பர் பட்டையை எடுத்து இழுத்துப் பாருங்கள். பிறகு பாதியாக வெட்டி அதே அளவு நீளும்வரை இழுங்கள். இரு மடங்கு பலம் வேண்டும். ஸ்பிரிங்கும் அப்படியே. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் இரண்டை வெட்டினால் மிச்சம் நான்கு. அதன் விறைப்பு ஒன்றரை மடங்காகிறது. ஆனால் அதை அடக்க வேண்டிய அப்சோபர் பழைய விறைப்புக்குச் செய்யப்பட்டது. அது திணறும். சக்கரம் மேலே செல்ல இருந்த இடமும் குறைந்துவிட்டபடியால், குழி ஒவ்வொன்றிலும் தூணுக்குள் இருக்கும் முட்டு ரப்பர் இடி வாங்கும். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. காரை ஜேக்கியில் தூக்கும்போதோ, பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் இடம் பெயர்ந்து போகலாம். சிலர் வெட்டாமல் காஸ் விளக்கால் சூடுகாட்டி ஸ்பிரிங்கைத் தாழ்த்துகிறார்கள். அது அதைவிட மோசம். உருக்கு பதம் கெட்டுப் போனால் ஸ்பிரிங் எப்போது ஒடியும் என்று யாரும் சொல்ல முடியாது.

தோட்டத்துச் செம்மண் சாலையை நினைத்துப் பாருங்கள். குலை ஏற்றும் லாரிகள் மழைக்காலத்தில் உழுதுவிட்டுப் போகும் இரட்டைப் பள்ளங்கள். அதில் விறைத்த ஸ்பிரிங் கார் ஓடினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் தாவும். தாவுகிற நேரத்தில் டயர் காற்றில் இருக்கிறது; காற்றில் இருக்கும் டயருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. பின்னிருக்கையில் இருப்பவர் யார் என்பதையும் அந்தத் தந்தை நமக்கு முன்பே சொல்லியிருந்தார்.

“அப்படின்னா ஒண்ணுமே செய்யக் கூடாதா சார்?” என்றான் பையன். செய்யலாம், நிறையவே செய்யலாம். ஆனால் முதலில் கார் பிறந்தபோது இருந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். இருபது, முப்பது வயதான காரில் இதுவே பெரிய முன்னேற்றமாகத் தெரியும் என்பது நம் அனுபவம்.

அன்றே பள்ளி வாசலில் பார்த்தோம். முன் சக்கரத்துக்கு மேலே உடலை இரு கையாலும் அழுத்தி விட்டோம். ஒரு முறை எழும்பி அமைதியாக நிற்க வேண்டிய கார், தொட்டில் போல மூன்று முறை ஆடியது. அப்சோபர் தீர்ந்துவிட்டது. குனிந்து பார்த்தால் தூணின் மேல் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருந்தது. டயரின் மேற்பரப்பில் விரலை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. இவ்வளவையும் கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லை.

அடுத்தது ரப்பர் புஷ்கள். கீழ்க்கை உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் இந்த ரப்பர்கள், பால்மரத்தைப் பற்றித் தெரிந்த நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெயிலிலும் எண்ணெயிலும் வெடித்துவிடுகின்றன. புஷ் போனால் கை இடம் மாறும். கை இடம் மாறினால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பால் ஜாயிண்ட் இன்னும் முக்கியம். அது கழன்றால் சக்கரம் மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும். புக்கிட் பூத்துஸ் மலைவளைவுகளில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கோலப்பிலா பக்கம் போய்வருகிறவர்கள் அறிவார்கள். தூணின் தலையில் உள்ள ரப்பர்த் தாங்கி, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகள், இவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அப்சோபரை மட்டும் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது என்றால் நொண்டத்தான் செய்யும்.

இவை எல்லாம் முடிந்த பிறகே அலைன்மெண்ட். முதலில் அலைன்மெண்ட் செய்துவிட்டுப் பிறகு புஷ் மாற்றுவது, சோறு பரிமாறிவிட்டு இலையைக் கழுவுவது போல. சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ சிறிது திரும்பியிருந்தாலும், தேய்ந்த செருப்பு போல டயரின் ஒரு பக்கம் சில மாதங்களில் வழுக்கையாகிவிடும்.

இதற்கு மேலும் ஆசை இருந்தால்? காரின் உயரத்தை மாற்றாமல், சற்று அழுத்தமான காஸ் அப்சோபர் போடலாம். ஷெல்பி செய்ததைப் போலச் சாய்வுதடுப்புக் கம்பியைத் தடித்ததாக மாற்றலாம். இது நேர்ச்சாலையில் சொகுசை அதிகம் கெடுக்காமல், வளைவில் மட்டும் உடல் சாய்வதைக் குறைக்கும். ஆனால் கம்பி மிகத் தடித்துப் போனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மற்றச் சக்கரத்தையும் உலுக்கும். தோட்டச் சாலைக்கு அளவோடு இருப்பதே நல்லது. கடினமான பிளாஸ்டிக் புஷ்களையும் விற்கிறார்கள். பந்தயத் திடலுக்கு அவை ஏற்றவை. செம்மண் சாலையில் பல்லும் சேர்ந்து ஆடும். கடைக்காரர்கள் ‘ஹைலோ’ என்று விற்கும் உயரம் மாற்றும் தூண்களைப் பற்றி நம் கருத்து இதுதான்: நல்லவை விலை அதிகம், மலிவானவை ஆபத்து. போதாததற்குக் காரின் அமைப்பை நம் இஷ்டப்படி மாற்றுவதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. காரைப் பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் போன்ற சோதனை நிலையத்தில் அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். அன்றைக்கு மாட்டிக்கொள்வது நாம்தான்.

இளைஞர்களே, உங்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மரத்தடியில் வைத்து நீங்களே தூணைக் கழற்ற நினைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு பையன் அப்படித்தான் செய்தான். தூணை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவியை மாட்டாமல், தலையில் உள்ள நடு நட்டைக் கழற்றினான். காரின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அந்தத் தூணுக்குள் சுருண்டு கிடக்கிறது என்பதை அவன் எண்ணவில்லை. நட்டும் மேல்தட்டும் துப்பாக்கிக் குண்டு போலப் பறந்து, லயத்தின் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போயின. அவன் முகம் அரை அடி விலகியிருந்தது, அவ்வளவுதான். அந்தத் துளை வழியே மழை ஒழுகியது. அவன் பாட்டி அதற்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, யார் வந்தாலும் அந்தத் துளையைக் காட்டிக் கதை சொல்வார். அதேபோல ஜேக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள். தாங்கிக் கால் வைத்த பிறகே தலையை உள்ளே விடுங்கள்.

நம் பையனின் கதைக்கு வருவோம். அவனை அம்பாங்கானில் நாம் பழகிய பட்டறைக்கு அனுப்பினோம். அப்சோபர் இரண்டு, புஷ்கள், ஒரு பக்கப் பால் ஜாயிண்ட், அலைன்மெண்ட் என்று கூலியோடு சேர்த்து 700 வெள்ளிக்குள் முடிந்தது. ஸ்பிரிங்கை போர்மன் அளந்து பார்த்து, “இது நல்லாத்தான் இருக்கு, மாத்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். விற்கும் வாய்ப்பு இருந்தும் வேண்டாம் என்று சொல்லும் போர்மனைக் கண்டால் விடாதீர்கள், நேயர்களே.

பொங்கலன்று அந்தக் குடும்பத்தைக் கோயிலில் பார்த்தோம். அம்மா மெலிந்திருந்தார். ஆனால் சிரித்துப் பேசினார். “முன்னெல்லாம் சிகிச்சை முடிஞ்சு வரும்போது ஒவ்வொரு குழிக்கும் ஊசி குத்துன கைய இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு வருவேன் வாத்தியாரையா. இப்ப பாதி வழியில தூங்கிடுறேன்” என்றார். தந்தை பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். பையன் மட்டும் நம்மைத் தனியே அழைத்து, சாய்வுதடுப்புக் கம்பி எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் ‘அளவோடு’ என்று கேட்டான். முதலில் இப்போது இருப்பதை அளந்து எழுதிக்கொண்டு வா, பார்ப்போம் என்றோம்.